சுண்ணாம்புச் சத்து கூடினால் கழுத்துக்கு ஸ்கேன் ஏன்?



"ஸ்கேன்லே ஒண்ணும் தெரியலேன்னு எழுதியிருக்காங்க. அப்புறம் எதுக்குங்க ஆபரேஷன்?" என்று மனைவி கேட்கிறார். கணவருக்கும் பதில் தெரியவில்லை. இருவரும் காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். வியாதியும் அவர்களோடு பஸ் ஏறிவிடுகிறது. இரண்டு வருஷம் கழித்து எலும்பு முறிந்தோ, சிறுநீரகம் கெட்டோ திரும்பி வருகிறார்கள். அந்த ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இந்த அலைச்சல் வேண்டியிருக்காது. அதற்காகவே இந்தத் துண்டுப் பிரசுரம்.

நம் கழுத்தின் முன்புறம் தைராய்டு சுரப்பி இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் முதுகுப் பக்கத்தில் ஒட்டினாற்போல் நான்கு சின்னஞ்சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு துவரம்பருப்பு அளவுதான். இவற்றுக்குப் பாராதைராய்டு என்று பெயர். 'பாரா' என்றால் பக்கத்தில் என்று அர்த்தம். பெயரில் தைராய்டு இருக்கிறதே தவிர, வேலையில் சம்பந்தமே இல்லை. "தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்தான்" என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். தைராய்டு டெஸ்ட் பாராதைராய்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இந்த நான்கு சுரப்பிகளும் மனிதரின் கண்ணுக்குப் பட்டதே தாமதமாகத்தான். 1850-ல் லண்டனில் ரிச்சர்ட் ஓவன் என்ற அறிஞர், அங்குள்ள மிருகக்காட்சி சாலையில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோது இதைக் குறித்து வைத்தார். மனித உடம்பில் இருப்பதை 1880-ல் ஸ்வீடன் நாட்டு ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் விவரித்து எழுதினார். அப்படிக் கொழுப்போடு கொழுப்பாக மறைந்து கிடக்கும் உறுப்பு இது.

இதன் வேலை என்ன? இரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, ஒரே அளவில் வைத்திருப்பது. 100 மில்லி இரத்தத்தில் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். இந்த அளவு குறைந்தால் பாராதைராய்டு ஒரு ஹார்மோனை விடும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்க்கும். அளவு கூடினால் சுரப்பி பேசாமல் இருந்துவிடும்.

தோட்டத்துக் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் நினைத்துப் பாருங்கள். எலும்புதான் கிணறு. இரத்தம்தான் தொட்டி. நான்கு சுரப்பிகளும் நான்கு மோட்டார்கள். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானே நிற்க வேண்டும். அதில் ஒன்று கோளாறாகி நிற்காமல் ஓடினால் என்ன ஆகும்? தொட்டி வழியும், கிணறு வற்றும். இந்த வியாதியும் அப்படித்தான். நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஒரே ஒரு சுரப்பிதான் வீங்கிக் கோளாறு செய்கிறது. சிலருக்கு இரண்டு, சிலருக்கு நான்குமே வீங்குவதுண்டு. புற்றுநோயாக இருப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. 'கட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் பயப்பட வேண்டாம்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. வரும்போது தாரை தப்பட்டையோடு வருவதில்லை. உடம்பெல்லாம் எலும்பு வலிக்கும். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. சிறுநீரகக் கல் ஒன்றை எடுத்தால் அடுத்தது வரும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், எதிலும் மனம் ஒட்டாத சோர்வு, சிலருக்கு முதுகு வரை பாயும் கடும் வயிற்றுவலி. "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். மேல்நாடுகளில் வேறு எதற்காகவோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் இந்த வியாதி ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. நம் நாட்டில் பெரும்பாலும் எலும்பு தேய்ந்து, கல் சேர்ந்த பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது.

குழந்தைக்கும் இதில் பங்கு உண்டு. தாய்க்குக் கால்சியம் அதிகமாக இருந்தால் கரு கலைய வாய்ப்பு கூடும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தாயிடமிருந்து கால்சியம் தாராளமாகப் போவதால் குழந்தையின் சுரப்பிகள் வேலை செய்யாமல் தூங்கிவிடும். தொப்புள்கொடி அறுபட்டதும் வரத்து நிற்கிறது; குழந்தையின் சுரப்பியோ உடனே விழிப்பதில்லை. பிறந்த சில நாட்களில் கை கால் வெட்டி இழுக்கிறது. இப்படிப் பச்சைக் குழந்தைக்கு வலிப்பு வந்து, அதன் இரத்தத்தில் கால்சியம் குறைவு என்று தெரிந்தால், தாயின் இரத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சீர் தட்டியது என்று தாயத்துக் கட்டிக்கொண்டிருக்க இது நேரமல்ல.

வியாதி இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது இரத்தப் பரிசோதனைதான். கால்சியம் கூடியிருக்கிறது; கூடியிருந்தால் அடங்கியிருக்க வேண்டிய பாராதைராய்டு ஹார்மோன் அடங்காமல் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் டாக்டருக்கு விஷயம் ஏறக்குறைய விளங்கிவிடும். சிறுநீரில் கால்சியம் எவ்வளவு போகிறது, வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவரானால், அல்லது மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவரானால், மறைக்காமல் சொல்லுங்கள். அவையும் கால்சியத்தைக் கூட்டலாம். ஆனால் நீங்களாகவே எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

தொட்டி வழிகிறது என்று இரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. எந்த மோட்டார் என்று அது சொல்லாது. அதைக் காட்டுவதுதான் ஸ்கேனின் வேலை. வியாதி உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல ஸ்கேன் எடுப்பதில்லை; ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டருக்கு வழி காட்டத்தான் எடுக்கிறார்கள். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே சொன்ன கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

நான்கே சுரப்பிதானே, கழுத்தைத் திறந்து பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் தெரியும். ஆனால் இந்தச் சுரப்பிகளுக்கு ஒரு குணம் உண்டு. தாயின் வயிற்றில் கரு வளரும்போது இவை மேலே உருவாகிக் கீழே இறங்கி வருகின்றன. வரும் வழியில் ஒன்று பாதியில் தங்கிவிடலாம். இன்னொன்று நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி மார்புக்குள் இறங்கிவிடலாம். தைராய்டுக்கு உள்ளேயே புதைந்திருப்பதும் உண்டு. சிலருக்கு ஐந்தாவதாக ஒன்றும் இருக்கும்.

அமெரிக்காவில் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டனுக்கு நேர்ந்த கதையை டாக்டர்கள் இன்றும் சொல்வார்கள். எலும்பு கரைந்து, கூன் விழுந்து, ஆறடிக்கு மேல் இருந்த மனிதர் பல அங்குலம் குட்டையாகிப் போனார். 1926 முதல் அவர் கழுத்தை ஆறு தடவை அறுத்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை. 1932-ல் ஏழாவது ஆபரேஷனில், பாஸ்டன் நகரில், மார்பைத் திறந்து பார்த்தபோது நெஞ்செலும்புக்குப் பின்னால் கட்டி இருந்தது. ஆனால் அதற்குள் சிறுநீரகம் கெட்டுப் போயிருந்தது. சில வாரங்களில் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் உள்ளே எட்டிப் பார்க்க ஸ்கேன் இல்லை. இன்று அந்த நிலைமை இல்லை.

முதலில் எடுப்பது பெரும்பாலும் கழுத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் எடுக்கிறார்களே, அதே ஸ்கேன்தான். கழுத்தில் பசை தடவி, ஒரு கருவியை வைத்து நகர்த்திப் பார்ப்பார்கள். வலி இல்லை, ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. தைராய்டின் பின்னால் வீங்கிய சுரப்பி கறுப்பாகத் தெரியும். இதற்குக் குறையும் உண்டு. எலும்புக்கும் காற்றுக்கும் பின்னால் இருப்பது இதில் தெரியாது. ஆகவே மார்புக்குள் இறங்கிய சுரப்பியை இது காட்டாது. பார்ப்பவரின் கைப்பழக்கமும் முக்கியம்.

அடுத்தது செஸ்டாமிபி ஸ்கேன். இது அணு மருத்துவப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டும் எடுக்கப்படுகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அணு மருத்துவப் பிரிவும், இத்தகைய சுரப்பிகளுக்கென்றே அறுவை சிகிச்சைப் பிரிவும் உள்ளன. 'அணு' என்றதும் அணுகுண்டை நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பயப்படும்படியாக இல்லை என்பதை விளக்குகிறோம்.

கை நரம்பில் ஒரு ஊசி போடுவார்கள். மருந்தில் டெக்னீசியம் என்ற பொருள் மிகச் சிறிய அளவில் சேர்ந்திருக்கும். அதிலிருந்து மெல்லிய கதிர் வரும். இருதயத்தில் இரத்த ஓட்டம் பார்க்கவும் இதே மருந்துதான். நிற்காமல் உழைக்கும் செல்கள் இதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் முதல் படம் எடுப்பார்கள். அதில் தைராய்டும் தெரியும், வீங்கிய பாராதைராய்டும் தெரியும், எது எது என்று பிரிக்க முடியாது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். அதற்குள் தைராய்டு மருந்தைக் கழுவி விட்டிருக்கும். கோளாறான பாராதைராய்டோ விடாமல் பிடித்திருக்கும். ஊரெல்லாம் விளக்கு அணைந்த பிறகும் ஒரு வீட்டில் மட்டும் எரிவதைப்போல் அது தனியாகத் தெரியும். மார்புக்குள் ஒளிந்திருந்தாலும் தெரியும். படம் பிடிக்கும் கேமரா சுற்றி வந்து எடுக்கும். பல இடங்களில் கூடவே சி.டி. படமும் எடுத்து, எவ்வளவு ஆழத்தில் என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

இதில் உடம்பில் படும் கதிர், இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் மேல் இரண்டு மூன்று வருஷத்தில் படும் அளவுதான். மருந்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகிக்கொண்டே வரும்; மறுநாள் அதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். இதே காரணத்தால் மருந்தை வாங்கிச் சேமித்து வைக்கவும் முடியாது. உங்கள் பெயருக்கென்று அன்றன்றைக்குத் தயார் செய்கிறார்கள். "இன்னிக்கு நாத்து நடவு, நாளைக்குப் போவோம்" என்றால் மருந்து வீணாகிவிடும். வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தாலி விஷயமும் சொல்ல வேண்டும். கழுத்தில் எந்த உலோகமும் இருக்கக் கூடாது, படத்தை மறைத்துவிடும். ஸ்கேன் அறை வாசலில் வந்து நின்றுகொண்டு, கழற்றுவதா வேண்டாமா என்று மாமியாரும் மருமகளும் கலங்குவதைப் பார்க்கிறோம். முதல் நாளே வீட்டில் பேசி, வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, பொன்னை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வாருங்கள். கயிறு படத்தை மறைக்காது.

இனிச் சொல்லப்போவது கணவனும் மனைவியும் சேர்ந்து கவனிக்க வேண்டியது. நாள் தள்ளிப் போயிருந்தால், அல்லது தள்ளிப் போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால்கூட, ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆண் டாக்டராயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம். நர்ஸிடம் சொன்னால் போதும். கர்ப்பிணிகளுக்குச் செஸ்டாமிபி ஸ்கேனையும் சி.டி. ஸ்கேனையும் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் போதும். ஆபரேஷன் அவசியம் என்றால் நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் செய்வது வழக்கம். இன்னும் கர்ப்பம் ஆகவில்லை என்றால், ஆபரேஷன் முடிந்து கால்சியம் சரியாகும்வரை அடுத்த குழந்தையைத் தள்ளிப் போடுவதே நல்லது. அதற்கு நிரோத்தும் காப்பர்-டியும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பால் கொடுக்கும் தாயானால் அதையும் சொல்லுங்கள். மருந்து பாலில் மிகக் குறைவாகத்தான் கலக்கும். பாலை அடியோடு நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊசிக்கு முன்னால் ஒரு முறை பால் கொடுத்துவிட்டுப் போங்கள். பிறகு எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்று அணு மருத்துவ டாக்டர் சொல்வார். அன்று ஒரு நாள் குழந்தையை மடியிலேயே வைத்திருக்காமல் பாட்டியிடமோ அப்பாவிடமோ கொடுங்கள். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும்.

இந்த இரண்டு ஸ்கேனும் ஒரே இடத்தைக் காட்டினால் டாக்டருக்கு வேலை சுலபம். கழுத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டுப் போட்டு, அந்த ஒரு சுரப்பியை மட்டும் எடுத்துவிடலாம். சில ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் நடக்கும்போதே இரத்தம் எடுத்து ஹார்மோனை அளக்கிறார்கள். கோளாறான சுரப்பி போய்விட்டால் பத்து நிமிஷத்தில் ஹார்மோன் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். அப்படி விழாவிட்டால் இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். தையல் போடுவதற்கு முன்பே தேடிவிடலாம்.

இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வேறு படங்கள் உண்டு. அயோடின் கலந்த மருந்து செலுத்தி, சில வினாடி இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஒன்று. மருந்து எந்தச் சுரப்பியில் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்குகிறது என்று அதில் தெரியும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதை எடுப்பார்கள். கோலின் என்ற பொருளைக் கொண்டு எடுக்கும் பெட் ஸ்கேன் இன்னும் புதியது. சின்னச் சுரப்பியையும் காட்டுகிறது, ஆனால் சில ஊர்களில்தான் உண்டு. எல்லாருக்கும் எல்லா ஸ்கேனும் தேவையில்லை. பணம் கட்டி நாமாகவே வரிசையாக எடுத்துக்கொண்டு போவதில் லாபம் ஏதுமில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எது அதில் சேரும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால்? சுரப்பி மிகச் சிறியதாக இருக்கலாம். ஒன்றுக்குப் பதில் நான்கும் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கியிருக்கலாம். அப்போது எதுவும் தனித்துத் தெரியாது. தைராய்டில் வேறு கட்டி இருந்து குழப்பலாம். எந்தக் காரணமானாலும், இரத்தத்தில் கால்சியமும் ஹார்மோனும் கூடியிருப்பது மாறிவிடவில்லை. மோட்டார் இருக்கும் இடம் தெரியவில்லை என்பதற்காகத் தொட்டி வழிவது நின்றுவிடுமா? இத்தகையவர்களுக்கு டாக்டர் கழுத்தின் இரண்டு பக்கமும் திறந்து நான்கு சுரப்பிகளையும் நேரில் பார்த்து, கெட்டதை எடுப்பார். வெட்டு கொஞ்சம் பெரிது, நேரமும் கூட. ஆனால் ஸ்கேன் வருவதற்கு முன் எல்லாருக்கும் இப்படித்தான் செய்தார்கள். பழகிய கைகளில் பெரும்பாலோர் குணமானார்கள். இந்த ஆபரேஷனுக்கு முன் தேடிப் பிடிக்க வேண்டியது சுரப்பியை அல்ல, நல்ல சர்ஜனை என்று டாக்டர்களுக்குள்ளேயே ஒரு பேச்சு உண்டு. இந்த ஆபரேஷன் அடிக்கடி நடக்கும் ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போங்கள் என்பதே நாங்களும் சொல்வது.

ஒரு தடவை ஆபரேஷன் ஆகியும் கால்சியம் குறையாதவர்களுக்கு மட்டும் நிலைமை வேறு. மறுபடி கழுத்தைத் தொடுமுன் இடத்தை ஸ்கேனில் உறுதி செய்தே ஆக வேண்டும். பழைய தழும்புக்குள் தேடுவது கடினம். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. ஆகவே முதல் ஆபரேஷன் குறிப்பு, ஸ்கேன் படம், இரத்த ரிப்போர்ட் எதையும் எறிந்துவிடாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியில் வையுங்கள். மழைக்கு ஒழுகும் மூலையில் வைக்க வேண்டாம்.

நாற்பது வயதுக்குள் இந்த வியாதி வந்திருந்தால், அல்லது உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது அடிக்கடி கல் வருகிறது என்றால், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சில குடும்பங்களில் இது வழிவழியாக வருவதுண்டு. அப்படியானால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கால்சியம் பரிசோதனை போதும். அவர்களுக்கு உடனே ஸ்கேன் வேண்டியதில்லை.

ஆபரேஷன் முடிந்த சில நாட்களில் வற்றிப்போன எலும்பு கால்சியத்தை வேகமாக உறிஞ்சும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரவென்று வரும், கை விரல்கள் இழுத்துக்கொள்ளும். கொடுத்த கால்சியம் மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். மரமரப்பு குறையாவிட்டால் விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.